வளைத்தால் பாடும் வாள்

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். மீன் வாங்கவில்லை. ஒரு பழைய வாளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சண்டை போடுகிற வாள் இல்லை, பயப்படாதீர்கள். மரம் அரிகிற கைவாள்.

இந்த வயதில் உனக்கு வாள் எதற்கு என்று கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயதுதான், முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் நம்மில் யார் படுக்கப் போகிறோம்? ஆனால் சந்தைக்கு வெளியே ஒருவர் படங்கை விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பியிருந்தார். சுத்தியல், குறடு, உளி, அரம் என்று ஒரே குவியல். புதுச்சாமான் விலையைக் கேட்டால் இப்போது தலை சுற்றுகிறது, அதனால் பழைய சாமானைச் சுற்றி நல்ல கூட்டம். இளவட்டங்கள் பளபளப்பானதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அடியில் கிடந்த துருப்பிடித்த வாள் ஒன்றை உருவினேன். நுனியைப் பிடித்துக் கைப்பிடிப் பக்கமாக வளைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. வாள் நடுங்கி நேராகி, மெல்ல ஒரு சத்தம் போட்டது.

“ஆன்ட்டி, அது துருப்புடிச்சது. நல்லது இங்க இருக்கு” என்றார் விற்கிறவர். எனக்கு அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. மூடுபனியும் மண்ணெண்ணெயும் ஈரமான கம்பளியும் ஒரே நேரத்தில் மூக்குக்கு வந்துவிட்டன. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மலையில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி வீடுகள். வீட்டுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை. முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்கிற சின்னத் தாழ்வாரம், பின்னால் புகை பிடித்த குசினி. அப்பா, அம்மா, அக்கா, நான், மழை நாளில் இரண்டு கோழிகள் எல்லோரும் அந்த ஒரு காம்பராவில்தான். காலையில் கதவைத் திறந்தால் பனி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருஷம் மழை தொடங்கிய நாட்களில் அக்கா பெரிய மனுஷியானாள். சடங்கெல்லாம் நன்றாக நடந்தது, உளுந்தங்களியில் எனக்கும் பங்கு கிடைத்தது. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அம்மா காம்பராவின் ஒரு மூலையில் பழைய சேலையைக் குறுக்கே கட்டி, “இதான் உன்னோட எடம்” என்றாள். சேலைக்குப் பின்னால் குப்பி லாம்பை ஏற்றினால் அக்காவின் நிழல் சேலையில் விழும். தலை சீவுவதும் கையைத் தூக்குவதும் கூரை வரைக்கும் பெரிதாகத் தெரியும். நான் பாயில் படுத்து அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். எனக்கு அவ்வளவு பிடித்த காட்சி அது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்குமா? அப்பாவோடு பேச வருகிற ஆம்பளைகள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கதவைச் சாத்தினால் மரியாதை இல்லை, திறந்து வைத்தால் சேலையும் நிழலும் தெரியும். அக்கா லாம்பை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் உடுத்துவாள். காற்றில் சேலை ஆடும் என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் உடுத்துவாள். பேச்சு குறைந்துபோய்விட்டது. முன்பு என்னோடு, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் தண்ணீர் அடித்து விளையாடியவள், இப்போது யாரைப் பார்த்தாலும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “லிந்துலையில எங்க அக்கா வீட்டுல ரெண்டு காம்பரா இருக்கு. தீபாவளி கழிஞ்சதும் புள்ளய அங்க கொண்டுபோய் விட்டுருவோம். வயசுப் புள்ளய இந்தக் கூண்டுக்குள்ள எப்படி வச்சிருக்க?”

லிந்துலை அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். அங்கே போகிற பிள்ளை திரும்பி வராது, அப்படியே கல்யாணம்தான் என்று எனக்கே தெரிந்தது. அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அம்மா கொஞ்ச நேரம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “இங்கயே ஒரு அறை போட்டா?” என்றாள்.

“எங்க போடுவ?”

“இஸ்தோப்புல பாதிய பலகையால அடைச்சி, ஒரு கதவு வச்சி...”

“ஆசாரிக்குக் கூலி யாரு குடுப்பா?”

“ஆசாரி எதுக்கு? நானே அடிக்கிறேன்.”

அப்பா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பீடி மடியில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, “சரி. தீபாவளிக்குள்ள நீ ஒரு கதவ மாட்டி, அதுக்கு உள்ளாற கொண்டியும் போட்டுட்டின்னா, புள்ள எங்கயும் போக வேணாம். போதுமா?” என்றார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னார். அம்மாவிடம் விளையாட்டுக்குச் சொன்ன எதையும் திரும்ப வாங்க முடியாது என்பதை மறந்துவிட்டார்.

பலகைக்கு அம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரம் அரிகிற மில் ஒன்று இருந்தது. மரத்தின் வெளிப்பக்கத்தைப் பட்டையோடு அறுத்து ஒதுக்கிப் போடுவார்கள். விறகுக்குத்தான் ஆகும் என்று மலிவாகத் தந்துவிடுவார்கள். அம்மாவும் அக்காவும் கொழுந்துக் கூடையைத் தூக்குகிற மாதிரியே தலையில் கயிற்றை மாட்டி அவற்றை மலைக்கு ஏற்றினார்கள். ஆனால் ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் மேடும் பள்ளமும். அரிய ஒரு வாள் வேண்டும், சீவ ஒரு சீவுளி வேண்டும், அடிக்க ஒரு சுத்தியல் வேண்டும். புதிதாக வாங்கினால் அறையை அடைக்க மாட்டோம், அடுப்பைத்தான் அடைக்க வேண்டும். அதனால் பழைய சாமான் தேடிப் புறப்பட்டோம். தீபாவளிச் சேலைக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தது அதற்குப் போனது.

முதல் தேடல் இதே தலவாக்கலைச் சந்தையில்தான். அம்மா, சும்மா சொல்லக்கூடாது, நன்றாக ஏமாந்தாள். சிவப்புப் பிடி போட்ட சுத்தியல், கண்ணாடி மாதிரி மின்னுகிற வாள். எனக்கும் அவற்றின் மேல் ஒரே ஆசை. வழி முழுக்கச் சுத்தியலை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் அம்மா முதல் ஆணியை அடித்தாள். இரண்டாவது அடிக்குச் சுத்தியலின் தலை கழன்று பறந்து, இஸ்தோப்பைத் தாண்டி, கீழே தேயிலைக்குள் விழுந்தது. அது பனியைக் கிழித்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. வாள் அதைவிட மோசம். பலகையில் பாதி போனதும் மடங்கி, மடங்கினபடியே நின்றுவிட்டது. வெறும் தகரம்.

அம்மா அழவில்லை. அந்த மடங்கிய தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைத்தாள், விட்டாள், அது வளைந்தே கிடந்தது. “அப்ப நல்லது எப்படி இருக்கும்னா, இது எப்படி இல்லையோ அப்படி இருக்கும்” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து அம்மா கண்ணில் படுகிற இரும்பையெல்லாம் நகத்தால் சுண்டிக் கேட்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கத்தி, ஸ்டேஷன் மணி, மேட்டு லயத்துக்காரர்களின் மண்வெட்டி எதையும் விடவில்லை. லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹட்டன் பயணம். பனிக்குள் ரயில் வந்ததே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. நீளமான, இருட்டான கடை. கூரையில் மழை விழுந்தால் உள்ளே தொங்குகிற சங்கிலிகளெல்லாம் மெதுவாக ஆடும். முதலாளி ஒரு முஸ்லிம், எல்லோருக்கும் நானா. வாசலிலேயே எண்ணெய் தடவிய சாமான்களை வரிசையாக மாட்டியிருந்தார்.

“வாங்க தங்கச்சி, புதுசு மாதிரி வாள் ஈக்கி, பாருங்க.”

அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “அண்ணே, யாருமே எடுக்காம கெடக்கிறது எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

நானா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே குவியலாகக் கிடந்தது. அம்மா கொழுந்து பறிக்கக் கட்டுகிற படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு வாளாக எடுத்தாள். கண்ணுக்கு நேரே பிடித்து, பல் வரிசை கோணலா என்று நீளத்துக்குப் பார்த்தாள். சுரண்டிப் பார்த்தாள். துரு மேலோடு நிற்கிறதா, இரும்பைத் தின்றுவிட்டதா என்று நகத்தால் குத்தினாள். பிறகு வளைத்தாள். சில வாள்கள் வளைந்தபடி நின்றன, சில முக்கால்வாசி திரும்பின. நான் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மழையைக் கேட்டபடி, பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. யாரோ தூரத்தில் ஒரு சொல்லைப் பாதியில் பாடி நிறுத்திய மாதிரி. கடைக்குள் எல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டது போலிருந்தது. அம்மாவின் கையில் கன்னங்கரேலென்று ஒரு வாள், கைப்பிடி இரண்டாகப் பிளந்தது, பார்க்கவே அருவருப்பு. அம்மா திரும்பவும் வளைத்துவிட்டாள். அது திரும்பவும் பாடியது. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்றால், அக்கா பிறந்தபோது அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான்.

ஆனால் நானா பக்கம் திரும்பும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. “பிடி ஒடைஞ்சி கெடக்கே அண்ணே, இத யாரு வாங்குவா?” என்று மூக்கால் இழுத்தாள். பையிலிருந்து ஒரு விறகுத் துண்டை எடுத்து அங்கேயே வைத்து அரியத் தொடங்கினாள்.

“என்னா தங்கச்சி, கடையில வெறகு வெட்டவா வந்தீங்க?” என்றார் நானா. சிரித்துவிட்டார். சிரித்தவரிடம் அம்மா அதே குவியலில் கிடந்த மரக்கட்டைச் சீவுளியையும் தலை ஆடாத ஒரு சுத்தியலையும் சேர்த்துப் பேசி முடித்தாள். வெளியே மழை கொட்டியது, வேறு யாரும் கடைக்கு வருகிற மாதிரி இல்லை. அதையும் அம்மா கணக்கில் வைத்துத்தான் அந்த நாளைத் தேர்ந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செங்கல்லைப் பொடித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, அக்காவும் அம்மாவும் வாளைத் தேய்த்தார்கள். கறுப்பு நீங்கிச் சாம்பல் வந்தது, சாம்பலுக்கடியில் வெளிச்சம் வந்தது. அக்கா பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். கொய்யாக் கட்டையில் அம்மா புதுப் பிடி செதுக்கினாள். பிடிக்குப் பக்கத்தில் தேய்க்கத் தேய்க்க வேறொன்றும் மேலே வந்தது. இரும்பில் குத்திய எழுத்துகள். இங்கிலீஷ் எழுத்து.

உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து ஸ்டோரிலிருந்து வருகிற கத்தி, மண்வெட்டி, வாள் எல்லாவற்றிலும் கம்பெனி எழுத்தைக் குத்தியிருப்பார்கள். எழுத்து இருந்தால் கம்பெனி சாமான். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கொடுப்பார்கள், சாயந்தரம் சங்கு ஊதுமுன் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். அது ஒருவரின் காம்பராவில் கிடந்தால் களவு. களவென்றால் வேலை போகும், வேலை போனால் காம்பராவும் போகும். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்க யாருக்கும் தெரியாது. எழுத்து என்பது எங்களுக்கு வாசிக்கிற சங்கதி இல்லை, பயப்படுகிற சங்கதி.

அம்மா பயப்படவில்லை. காசு கொடுத்து வாங்கியது, நானா இருக்கிறார், கடை இருக்கிறது என்றாள். அப்பா அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆம்பளைகளுக்குத் தந்த அளவை முடித்தால் மத்தியானமே வீடு, பெண்களுக்கு இருட்டுகிற வரைக்கும் கொழுந்து. மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா இஸ்தோப்பில் குந்தி, வாளை முழங்காலுக்கிடையில் வைத்து, அரத்தால் அந்த எழுத்துகளை ராவிக்கொண்டிருந்தார். கிறீச் கிறீச்சென்று பல் கூசியது. என்னைப் பார்த்ததும், “அம்மாகிட்ட சொல்லாத” என்றார். எழுத்து இருந்த இடம் வெள்ளையாக, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பளிச்சென்றிருந்தது.

அப்பா வாளைக் கெடுக்கிறார், அக்காவை லிந்துலைக்கு அனுப்பத்தான் இப்படிச் செய்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு, திட்டாமல் வாளைத் துடைத்துச் சுவரில் மாட்டினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆயுத பூசை வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் சாக்கை விரித்து, லயத்தில் உள்ள எல்லாக் கத்தியும் கூடையும் மண்வெட்டியும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். பூசையில் வைக்காத ஆயுதம் கையைப் பதம் பார்த்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அம்மாவின் வாளை வீட்டிலேயே வைத்துக் கும்பிடலாம் என்றார் அப்பா. “களவெடுத்ததா நான், ஒளிச்சி வச்சிக் கும்பிட?” என்று அம்மா வாளையும் சீவுளியையும் சுத்தியலையும் கொண்டுபோய் நட்ட நடுவில் வைத்தாள். ஊதுபத்திப் புகையும் பனியும் ஒன்றாகிக் கோயில் மிதக்கிற மாதிரி இருந்தது. பூசைக்குக் கண்டாக்கையா வந்திருந்தார். மலைக்கெல்லாம் பொறுப்பான உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். கும்பிட்டு முடித்து வரிசையைப் பார்த்தபடி வந்தவர், வாளுக்கு முன்னால் நின்றார்.

“இது ஆற்ற வாள்?”

“என்னோடதுங்க ஐயா. ஹட்டன்ல வாங்குனதுங்க” என்றாள் அம்மா.

அவர் குனிந்து அந்த வெள்ளைப் பொட்டை விரலால் தடவினார். “இதில எழுத்து இருந்திருக்கு. ஆர் ராவினது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“வாங்கின சாமானெண்டா ஏன் ராவுறியள்? களவெடுத்ததைத்தான் ராவுவினம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் அவமானமாக இருந்தது. வாள் ஸ்டோருக்குப் போனது, குங்குமத்தோடு. அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததாக எனக்கு நினைவில்லை. இஸ்தோப்பில் பாதி அரிந்த பலகைகள் சாய்ந்து நின்றன. அக்கா சேலைக்குப் பின்னால் போய், லாம்பு ஏற்றாமல் உட்கார்ந்துகொண்டாள்.

தப்பைக் கண்டுபிடித்தவள் அக்காதான். வாள் இல்லாவிட்டாலும் சீவுகிற வேலையையாவது முடிப்போம் என்று சீவுளியின் ஆப்பைத் தட்டி எடுத்து, இரும்பைத் தீட்ட வெளியே உருவினாள். ஆப்புக்கடியில் மறைந்திருந்த இடத்தில் எழுத்து. வாளில் இருந்த அதே எழுத்துகள், இது தேயாமல், ராவாமல். நானாவின் கடையில் இரண்டும் ஒரே குவியலில் கிடந்தவை, ஒரே கையிலிருந்து வந்தவை. அம்மா அந்த இரும்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கண்டாக்கையாவின் வாசலுக்குப் போனாள்.

அவர் கண்ணாடியை மாட்டி வெளிச்சத்தில் பிடித்தார். “உது எங்கட எழுத்தே இல்லையே” என்றார். “ஆரோ வேற கொம்பனியின்ர பழஞ்சாமான், ஏலத்தில போயிருக்கும். அந்த எழுத்தை அப்பிடியே விட்டிருந்தா நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டன்.” பிறகு ஆளனுப்பி ஸ்டோரிலிருந்து வாளைக் கொண்டுவரச் சொன்னார்.

வாள் வந்தது. அப்பா ராவிய அந்த வெள்ளை இடத்தில், புத்தம் புதிதாக, எங்கள் தோட்டத்து எழுத்தைக் குத்தியிருந்தார்கள். களவு போன சாமான் திரும்பி வந்திருக்கிறது என்று ஸ்டோர்க்காரர் சந்தோஷமாகக் குத்திவிட்டார். கண்டாக்கையா வாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “நான் இப்ப என்ன செய்யிறது? எழுத்து விழுந்திட்டுது. இதை உன்ர வீட்டில ஆரும் கண்டா நாளைக்கு உனக்குத்தான் கரைச்சல்” என்றார்.

அம்மா, “எங்க வாளுங்க ஐயா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடக்கும்போது என் கையை வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் இப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன். அப்பாவைக் கவ்வாத்துக் கூட்டத்திலிருந்து எடுத்து, ஃபேக்டரிக் கூரை வேலைக்குப் போட்டுவிட்டார்கள். தண்டனை என்று லயம் முழுக்கப் பேசியது. கொய்யா மரத்தில்கூட ஏறாத மனுஷன் அப்பா. உயரம் என்றால் அவ்வளவு பயம். பள்ளிக்கூடம் போகிற வழியில் அண்ணாந்து பார்ப்பேன். பனி விலகும்போது நனைந்த தகரத்தின் மேல் அப்பா நாலு காலில் தவழ்ந்துகொண்டிருப்பார், பிறகு பனி மூடிவிடும். விழவில்லை என்பது அடுத்த முறை பனி விலகும்போதுதான் தெரியும். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

கூரை வேலைக்கு ஸ்டோரிலிருந்து ஒரு வாள் கொடுப்பார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது எங்கள் வாள். மத்தியானம் மழை இறங்கியதும் கூரையிலிருந்து எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அப்பா வாளைக் கம்பளிக்குள் வைத்து நேரே வீட்டுக்கு வருவார், சாயந்தரச் சங்கு ஊதுகிற வரைக்கும் பலகை அரிவார். அம்மா மலையில் இருப்பாள். அக்கா அளந்து கோடு போடுவாள், அப்பா அரிவார், என் வேலை பலகை ஆடாமல் அதன் மேல் ஏறி உட்கார்வது. வாள் போகிற தாளத்துக்கு எனக்குக் கண் சொருகும். மரத்தூள் மணமும் வெளியே பச்சைக் கொழுந்து வாடுகிற மணமும் கலந்து வரும். அப்படி ஒரு தூக்கம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை. அம்மா இருட்டில் வந்து, அரிந்த பலகைகளைச் சீவி, ஆணி அடிப்பாள். சிரித்த மனுஷனே அரிகிறாரே என்று அவரைக் கிண்டல் செய்யக்கூட இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. கதவு ஏறியது. கீழே கொஞ்சம் உரசியது, அப்பா ஓரத்தை அரிந்தார். உள்ளே இரும்புக் கொண்டி. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. அம்மா குசினிக்குப் போய்விட்டாள், முறுக்கு மாவு பிசைய வேண்டும் என்றாள்.

வாள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டது.

கீழே சங்கு ஊதியது. அப்பா கதவுக்கு முன்னால் போய் நின்றார். எங்கள் லயத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் நேரே வந்துவிடுவார்கள். அப்பா விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். “உள்ள வரலாமா தாயி?” என்றார்.

கொண்டி எடுபடவில்லை. “அக்கா, தொற! சங்கு ஊதிருச்சி!” என்று நான் கத்தினேன். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். கதவோரம் குந்தி உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். பனி ஏறி வந்து அவருடைய முழங்கால் வரைக்கும் மூடியது. கதவு திறந்து வாள் வெளியே வந்தபோது நன்றாகப் பிந்திவிட்டது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்டோர்க்காரர் எல்லோருக்கும் முன்னால் அப்பாவைக் கண்டபடி ஏசினார். அப்பா வாளை நீட்டியபடி நின்றார். எங்கே போனாய் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. ரோஷமே இல்லாத மனுஷன் என்று எனக்கு அழுகை வந்தது.

அக்கா லிந்துலைக்குப் போகவில்லை. அந்த அறையில் இருந்துதான் படித்தாள், பிறகு தன் விருப்பப்படி பூண்டுலோயாவுக்குக் கல்யாணமாகிப் போனாள். அங்கேதான் இன்னும் இருக்கிறாள். அந்த லயத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள், கதவு யாருக்கு விறகாயிற்றோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வாளோடு வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குத்தான் போன் எடுத்தேன். போனைப் பக்கத்தில் வைத்து வாளை வளைத்துவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“பாவம் அப்பா” என்றேன். “எழுத்த ராவப் போயி, கூரையில ஏத்தித் தண்டனை குடுத்துட்டாங்க.”

“தண்டனையா? யாருடி சொன்னா?” என்றாள் அக்கா. “அப்பாவே போயிக் கேட்டு வாங்குன வேல அது. அந்த வாள வேற எந்த வேலைக்கும் குடுக்க மாட்டாங்க. கண்டாக்கையா, சங்குக்கு முன்னாடி கொண்டாந்து வச்சிரு, மிச்சம் எனக்குத் தெரிய வேணாம்னு சொல்லி விட்டாராம்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? ஒனக்குத்தான் சொல்லல. நீ லயம் முழுக்கச் சொல்லிட்டுத் திரிவ.”

உண்மைதான், திரிந்திருப்பேன். நான் அந்த வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதிலும் பிடிக்குப் பக்கத்தில் ஏதோ எழுத்து இருக்கிறது, யாருடையதோ. நான் அதைத் தொடப் போவதில்லை.

“அன்னைக்கு நீ ஏன் கதவ தொறக்கல?” என்று கேட்டேன். “சங்கு ஊதுனது கேக்கலையா?”

“கேட்டிச்சி. கொண்டியில கைய வச்சிட்டேன். அப்பறம், நான் தொறக்கலன்னா என்ன செய்வாருன்னு பாக்கணும் போல இருந்திச்சி.”

“என்ன செஞ்சாரு?”

“ஒண்ணும் செய்யல” என்றாள் அக்கா. “நான் தொறக்கிற வரைக்கும் வெளிய உக்காந்திருந்தாரு.”